பெருத்த உடம்பில் மயக்க மருந்து தாமதமாக ஏறுமா?
மேலே ஒருவர், "குண்டானவர்களுக்குக் கொழுப்பு மருந்தை உறிஞ்சிவிடும், மயக்கம் வர நேரமாகும்; வயதானவர்களுக்கு உடனே வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

ரத்தக் குழாயில் போடும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கையில் சுரீரென்று எரியும். அங்கிருந்து இதயம் போய், நுரையீரல் சுற்றி, மூளையை அடைய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் போதும். அந்த நேரத்துக்குள் கொழுப்புக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது, ஏனென்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. எடை முக்கியமாவது எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடும்போதுதான்.

வேகத்தைத் தீர்மானிப்பது இதயம். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ரத்தம் மெதுவாகச் சுற்றுவதால் மயக்கம் தாமதமாகவே வரும். ஆனால் அவர்களுக்குக் குறைந்த அளவே போதும். "இன்னும் கண் மூடவில்லையே" என்று அவசரப்பட்டு மேலும் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

முகமூடி வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு வேறு கதை. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் இந்த வாயு சீக்கிரம் ஏறும், ஊசி மருந்துக்கு நேர் எதிர்.

அப்புறம், தினமும் குடிப்பவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவைப்படலாம். வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்களே என்று பலர் இதை மறைக்கிறார்கள். தயவுசெய்து மயக்க மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.