பக்கக் கண்ணாடியில் முகம் வராது

"பழைய பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி, காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை எடுக்கலாம், சுவிஸ் கலைஞர் சைமன் பேர்கர் அப்படித்தான் செய்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிழை. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர் செய்தது, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிர்த்திப் பலப்படுத்தியது. அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஒரு இடத்தில் உடைந்தாலே முழுத்தகடும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். டெம்பர் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ கூட முடியாது. பேர்கர் தட்டுவது லமினேற் கண்ணாடியில், அதாவது இரண்டு தகடுகளை நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியில். 2021 இல் வாஷிங்டனில் வைத்த கமலா ஹாரிஸ் முகமும் அப்படித்தான்.

எனவே லமினேற் ஆன முன் கண்ணாடியை எடுங்கோ. இரண்டு தகடுகளுக்கு நடுவே சுமார் 0.76 மில்லிமீற்றர் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் இருப்பதால் வெடித்தாலும் துண்டுகள் ஒட்டியே நிற்கும். ஓரத்தைப் பார்த்தால் நடுவில் கோடு தெரியும். முதலில் மெல்லத் தட்டுங்கோ, வெடிப்பு நினைத்ததைவிடத் தூரம் ஓடும். அடர்த்தியாகத் தட்டிய இடம் வெள்ளையாகும், தட்டாத இடம் நிழலாக நிற்கும். கண் கவசம் கட்டாயம்.

கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டப் பந்தல் மாதிரி வெளியிடம் என்றால் மாரிமழைதான் சிக்கல். ஓரத்தால் ஈரம் புகுந்து படலம் வெளிறிப் பிரியும். இரும்புச் சட்டத்தில் நேரே இருத்தாமல் றப்பர் வையுங்கோ, அடியில் நீர் வடிய இரண்டு துளையும் வேணும்.