வேலிக்கு வேறு செடியே கிடையாதா?

வீட்டைச் சுற்றி மறைப்புக்கு ஏதாவது செடி வேண்டும் என்று எந்த நர்சரியில் கேட்டாலும் கோனோகார்பஸைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். "மடமடன்னு வளரும் சார், சுவர் மாதிரி நிக்கும்" என்று ஒரே பாட்டு. வளரும்தான். அதன் வேர் குடிநீர்க் குழாய்க்குள்ளும் சாக்கடைக் குழாய்க்குள்ளும் புகுந்து அடைக்கும் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. குஜராத்தில் 2023-லேயே இதை நடத் தடை போட்டுவிட்டார்கள்.

சரி, கிளுவை இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்குறா?" என்கிறார்கள். ஏன், காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களுக்கு இன்றைக்கும் கிளுவைதானே வேலி! மழைக்கு முன்னால் கட்டைவிரல் பருமனில் குச்சி வெட்டி நெருக்கமாக ஊன்றினால், அதுபாட்டுக்குத் துளிர்த்துக்கொள்ளும். கிளையெல்லாம் முள். சீராக வெட்டிவிட்டால் அடர்ந்து நல்ல மறைப்பாகும், கழிக்கிற தழை ஆட்டுக்குத் தீனி. தெரிந்தவர் தோட்டத்தில் குச்சி கிடைத்தால் ஆள்கூலியோடு செலவு முடிந்தது. இவ்வளவு மலிவான, நம் மண்ணுக்கே பழகிய வேலியை விட்டுவிட்டு, காசும் கொடுத்துக் குழாயையும் உடைத்துக்கொள்ள வேண்டுமா? ஒரு நர்சரியிலாவது நாலு கட்டு கிளுவைக் குச்சி வைத்திருக்கக் கூடாதா?