எது குறைவோ அதுவாம்!

உள்நாட்டு விமானத்தில் போகிறவர்கள் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், போட்டிருக்கும் விதிகளை ஒரு தடவையாவது முழுசாகப் படித்துப் பாருங்கள், பிபி ஏறும். நாம் டிக்கெட்டை ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டையும் அப்படியே விமான நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டி மட்டும் கை வைக்கக் கூடாதாம். சரி, அவர்கள் ரத்து செய்தால்? ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்று இழப்பீடு போட்டிருக்கிறார்கள். பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் கூடவே ஒரு வால்: அந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது.

சென்னை - மதுரை டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்தே 3,000 ரூபாய்தான் என்றால் 7,500 கிடையாது, 3,000தான். டிக்கெட் பணமும் திரும்ப வரும், உண்மைதான். ஆனால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தில் இடம் தேடினால் விலை எங்கே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே திட்டமிட்டு மலிவாக எடுத்தவனுக்குத்தான் இழப்பீடும் மலிவு!

இந்த அழகில் அதையாவது ஒழுங்காகத் தருகிறார்களா? காலை விமானத்தை முந்தின ராத்திரி ரத்து செய்துவிட்டு, காரணம் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று எனக்கு ஒரு மெசேஜ். அப்படியென்றால் என்ன? பைலட் இல்லையா, விமானம் இல்லையா, இருபது பேர்தான் புக் பண்ணியிருந்தார்களா? கேட்டால் பதில் இல்லை. ஏனென்றால் வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், வானிலை என்றால் இழப்பீடு தர வேண்டாம் என்று விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதன் கடைசியில் 'விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணங்கள்' என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குள் யானையே நுழையும். டிக்கெட் பணத்தையும் கையில் தராமல் கிரெடிட் ஷெல்லில், அதாவது அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும்படி அவர்களிடமே வரவாக, போட்டுவிட்டோம் என்றார்கள். கிரெடிட் ஷெல் வேண்டுமா பணம் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது பயணி, இதுவும் அதே டிஜிசிஏ விதிகளில்தான் இருக்கிறது.

எனக்கு உண்மையில் எரிச்சல் வந்த இடம் வேறு. புக் பண்ணும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு பிரிவு. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஏஜெண்டிடம் டிக்கெட் போட்டால் பல ஏஜெண்டுகள் தங்கள் நம்பரையும் தங்கள் மெயிலையும்தான் போடுகிறார்கள். ரத்து மெசேஜ் ஏஜெண்டின் போனுக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் பெட்டியோடு மீனம்பாக்கத்தில் நிற்பீர்கள். 'நாங்கள் தகவல் சொல்லிவிட்டோமே' என்பார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் யார் நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தாமதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ. இழப்பீடாக ஒரு ரூபாய் கிடையாது. ஐரோப்பாவில் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு என்று 2009லேயே அங்கே நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிக்கெட் என்ன விலைக்கு எடுத்தாய் என்று அங்கே கேட்பதில்லை. சாதாரண இயந்திரக் கோளாறைச் சாக்காகச் சொல்லித் தப்பவும் முடியாது, அதற்கு முந்தின வருஷத் தீர்ப்பே இருக்கிறது. இங்கே ஒரு சாண்ட்விச்சும் ஜூஸ் டப்பாவும் கொடுத்து வாயை அடைக்கிறார்கள், அதற்கும் வரிசை.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் ரத்தே செய்யாமல், விமானத்துக்கும் போகாமல் விட்டாலும், எவ்வளவு மலிவான சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், வரியையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்? தானாக வராது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "சார், இது நான்-ரிஃபண்டபிள் டிக்கெட்" என்றது அந்தப் பக்கம். டிக்கெட் சரி, விமான நிலையத்துக்காக வாங்கின காசு உங்களுக்கு எப்படிச் சொந்தமாகும் என்று கேட்டதும், ஒரு நிமிஷம் என்று சொல்லி ஹோல்டில் போட்டு பாட்டைப் போட்டுவிட்டார்கள்.