இரவு ஷிப்ட் மாப்பிள்ளை

அத்தை: பகலெல்லாம் பெட்டிக்குள் சுருண்டு கிடப்பவன் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாயே, அவன் யார்? பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவனா?

மலர்: இல்லை அத்தை. பிராமணர் ஒருவரின் மகன். இரவில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மனிதனாக வருவான்.

அத்தை: இரவு ஷிப்டேதான். என் மூத்தவனையும் பகலில் எழுப்பினால் சீறுகிறான். ஓவர்டைம் காசு வருமே, வீட்டில் பேசட்டுமா?

மலர்: அவன் பஞ்சதந்திரத்துப் பாம்பு மாப்பிள்ளை. சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

அத்தை: கதைதானா! (மஞ்சள் தடவிய ஜாதகத்தை விரிக்கிறார்.) அக்கரை பட்டர்வொர்த்துக்கு பெர்ரி ஏறிப் போய் வாங்கி வந்திருக்கிறேன், பார். பையன் தங்கம். கொஞ்சம் குடிப்பான், கோபம் வந்தால் கை நீட்டுவான் என்கிறார்கள். ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான். இளவரசி முத்தமிட்டதும் தவளையே மாறவில்லையா?

மலர்: ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையில் முத்தமே கிடையாது. கட்டிலில் இடம் கேட்டு நச்சரித்த தவளையை இளவரசி தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்த பிறகுதான் அது இளவரசனானது. கால்கட்டைவிட அது சீக்கிரம் பலித்திருக்கிறது.

அத்தை: மாப்பிள்ளையைச் சுவரில் அடித்தால் ஊர் சிரிக்காதா? பெண்ணுக்குப் பொறுமை வேண்டும்.

மலர்: 1756-இல் வெளிவந்த 'அழகியும் மிருகமும்' என்ற பிரெஞ்சுக் கதையில் மிருகம் ஒவ்வோர் இரவும் அந்தப் பெண்ணிடம் வந்து...

அத்தை: இரவிலா? அவனும் ஷிப்ட்காரனா?

மலர்: வந்து, என்னை மணந்துகொள்வாயா என்று கேட்கிறது. அவள் மாட்டேன் என்றதும் பெருமூச்சு விட்டபடி போய்விடுகிறதே தவிர, கை நீட்டவில்லை, சாப்பாட்டுத் தட்டை வீசவுமில்லை. உருவத்தில் மட்டுமே மிருகமாக இருந்தவன், அவளிடம் நடந்துகொண்டதில் முதல் நாளிலிருந்தே மனிதன். நீங்கள் பெர்ரி ஏறிப் போய்க் கொண்டுவந்திருப்பவனோ உருவத்தில் மட்டும் மனிதன்.

அத்தை: வாய் நீளம் உனக்கு. அந்தப் பாம்பை மாற்றியது மனைவியின் பொறுமைதானே?

மலர்: பொறுமையாக இருந்தாள், உண்மைதான். ஆனால் அவன் கழற்றிவைத்த சட்டைக்குள் மறுபடியும் புகுவதற்குள் அதை எடுத்துத் தீயில் போட்டவர் அவனைப் பெற்ற தகப்பன். பட்டர்வொர்த் பையனின் அப்பாவிடம் தீப்பெட்டி இருக்குமா, அத்தை?

அத்தை: இல்லாமலா? அப்பனும் மகனும் ஒரே குச்சியில்தான் சிகரெட் பற்றவைக்கிறார்கள்.