கட்டுகிறவர் காசு கொடுத்தால் அதற்குப் பெயர் ஆய்வா?

எங்கள் பக்கத்து மனையில் தரைத்தளமும் இரண்டு மாடியும் என்று ப்ளான் வாங்கிவிட்டு நான்காவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஒரு ஆள் நுழைய முடியாது, எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்களுடைய சென்ட்ரிங் பலகையில் போய் இடிக்கிறது. தூணுக்குக் கான்கிரீட் போடும்போது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி தண்ணீர்க் குழாயை அப்படியே அதில் விடுகிறார். பலகையைப் பிரித்த பிறகு சாக்கு சுற்றி ஊறவைப்பது என்ற பேச்சே இல்லை. மாநகராட்சியில் புகார் கொடுத்தோம். ஒருவர் வந்தார், கீழேயே நின்று பார்த்தார், கான்ட்ராக்டரைத் தனியாக அழைத்துப் பேசினார், கிளம்பிவிட்டார். புகார் தீர்க்கப்பட்டது என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. என்ன தீர்ந்தது? யாருக்குத் தீர்ந்தது?

இதைக் குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "அரசாங்க ஆளை நம்பினால் இப்படித்தான் சார், கட்டடத்தை ஆய்வு செய்கிற வேலையைத் தனியாரிடம் கொடுத்துவிட வேண்டும்" என்கிறார், நாலு பேர் ஆமாம் போடுகிறார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியார் என்றால் யார்? அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? கட்டுகிறவரே ஆளைத் தேர்ந்தெடுத்து, கட்டுகிறவரே காசும் கொடுத்தால், குறை சொல்கிற ஆய்வாளருக்கு அடுத்த வேலை எங்கிருந்து வரும்? இன்று லஞ்சமாகப் போகிற பணம் நாளைக்கு ரசீது போட்டுக் கட்டணமாகப் போகும், அவ்வளவுதானே வித்தியாசம்!

இது நான் கற்பனையில் பயப்படுவது இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1998 முதலே தனியார் ஆட்கள் கட்டடத்துக்குச் சான்று கொடுக்கலாம். 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சிட்னியில் ஓபல் டவர் என்ற 36 மாடிக் கட்டடத்தில் வெடிப்புச் சத்தம் கேட்டு, குடியேறிச் சில மாதங்களே ஆன ஜனங்களை அன்றே வெளியேற்றினார்கள். அப்புறம்தான் அங்கே கட்டடங்களுக்கென்றே ஒரு கமிஷனரை நியமித்தார்கள். இங்கிலாந்தில் 1984 சட்டத்தில் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 72 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்தை ஆய்வு செய்தது கவுன்சிலின், அதாவது அங்கத்திய உள்ளாட்சியின், சொந்த ஆட்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலை தனியாருக்குப் போய்விடுமே என்று கவுன்சிலும் பில்டரை வாடிக்கையாளராகப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். கடைசியில் 2023 அக்டோபரிலிருந்து அங்கே உயரமான குடியிருப்புகளுக்கு ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பில்டரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அவர்கள் அடிபட்டுத் திரும்பி வருகிற பாதையில் நாம் இப்போது போக வேண்டுமா?

அதற்காக இங்கே இருப்பது சரி என்று சொல்ல வரவில்லை. சென்னைப் பக்கம் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் தேதி 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள், பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் அதில். அது திருட்டுத்தனமாகக் கட்டிய கட்டடம் இல்லை, அனுமதி வாங்கிக் கட்டியது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, மீறிக் கட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் ஊர் வழக்கம். 1999க்கு முன் கட்டியதற்கு, மீறலைப் பணம் வாங்கிக்கொண்டு சட்டப்படி ஆக்கிவிடுகிற ஒரு வரன்முறைத் திட்டம், 2007க்கு முன் கட்டியதற்கு இன்னொன்று. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவன் என்ன பாவம் செய்தான்?

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று, அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று கட்டுகிறவரே கொடுக்கிற உறுதி, போதும் என்று வந்திருக்கிறது. ப்ளானுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்த்து, கட்டும்போது தளத்துக்குப் போய்ப் பார்க்கிற ஆளையும் கூட்டியிருக்க வேண்டாமா? இருக்கிற ஒரு உதவிப் பொறியாளர் தலையில் ரோடு, மழைநீர்க் கால்வாய், தேர்தல் வேலை எல்லாவற்றையும் கட்டிவிட்டு, கட்டடத்தையும் பார் என்றால் எப்படிப் பார்ப்பார்?

வெளியிலிருந்து பொறியாளர்களை எடுக்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. எந்தக் கட்டடத்துக்கு யார் போவது என்று மாநகராட்சி குலுக்கல் போட்டு அனுப்பட்டும். கட்டணத்தை மாநகராட்சியிடம் கட்டி, அங்கிருந்து அவருக்குப் போகட்டும். அஸ்திவாரத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, கம்பியை அளந்து படம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரனும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போடட்டும். பொய்க் கையெழுத்துப் போட்டால் உரிமம் போக வேண்டும், கட்டடம் விழுந்தால் பில்டரோடு சேர்த்து அவர் பெயரும் வழக்கில் வர வேண்டும். தனியாரிடம் கொடுங்கள் என்று பேசுகிறவர்கள் இதில் ஒன்றையாவது கேட்கிறார்களா? 2019இல் இங்கிலாந்தில் தனியார் ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் தொழிலைத் தொடர முடியாமல் போய், பாதியில் நின்ற வேலைகள் உள்ளூர் கவுன்சில் தலையில்தான் வந்து விழுந்தன. இங்கே அப்படி ஒரு கம்பெனி மூடிவிட்டுப் போனால், அது சான்று கொடுத்த ஃபிளாட்டில் இருபது வருஷக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவன் யார் வீட்டு வாசலில் போய் நிற்பான்?