சைலன்சர் ரேஞ்சிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம்

துப்பாக்கி வைத்திருக்கும் பொதுமக்களுக்கு, சுடும் சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் சைலன்சரும் கிடைக்க வேண்டுமா என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கொஞ்ச நாளாகச் சண்டை ஓடுகிறது. ஆரம்பித்து வைத்தது டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தி மகன். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கிரீன் கார்டு, சொந்த வீடு, வீட்டில் துப்பாக்கியும் உண்டு. அமெரிக்காவில் 1934-ல் கொண்டுவந்த சட்டப்படி சைலன்சர் வாங்க 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்ஜியமாக்கிவிட்டார்கள். பதிவு, கைரேகை எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. "வரியே போயிடுச்சுண்ணே, ஒண்ணு வாங்கப் போறேன். காதுக்கு நல்லது. நம்ம ஊர்லதான் இதைத் தடை பண்ணி வெச்சிருக்காங்க" என்று எழுதியிருந்தான்.

தடை இருப்பது உண்மைதான். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி, சுடும்போது வரும் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் எந்தக் கருவியும் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது. சென்னையில் போலீஸ் கமிஷனர் கொடுக்கும் சாதாரண லைசென்ஸைக் காட்டி அதை வாங்க முடியாது. தனி ஆட்களைப் பொறுத்தவரை இந்தத் தடை அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஆனால் தம்பி சொன்ன காது விஷயத்தை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியாது. மணலிப் பக்கம் தொழிற்சாலைகளில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்ப்பவன் நான். அதற்கும் முன்பே, சத்தம் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அப்பா திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில் ஹேமர் ஆபரேட்டர். பழுத்த இரும்பின் மேல் சம்மட்டி மெஷின் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, காதில் அடைத்துக்கொள்ளும் கழிவுப் பஞ்சு. இப்படி வரும் செவிட்டுத்தன்மை ஒரேயடியாக எல்லாவற்றையும் மூடிவிடாது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயி. பேச்சில் ச, த, ப எல்லாம் ஒன்றுபோலக் குழம்பும். "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார். கொஞ்ச நாளில் அதைக்கூடச் சொல்வதை விட்டுவிட்டார். கல்யாண மண்டபத்தில் யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். "சாப்பிட்டீங்களா?" என்றாலும் ஆட்டுவார், "அண்ணன் தவறிட்டாரா?" என்றாலும் ஆட்டுவார். உள்காதில் போன அந்த நுண்ணிய முடி செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

துப்பாக்கிச் சத்தம் இதைவிடக் கொடுமையானது. பெரும்பாலான துப்பாக்கிகள் சுடுபவரின் காதருகே 140-லிருந்து 170 டெசிபல் வரை போகும். 140-க்கு மேல் ஒரே ஒரு வெடியே நிரந்தரமாகக் காதைக் கெடுத்துவிடலாம். சைலன்சர் அதில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். இது கூட்டல் கழித்தல் கணக்கில் வராது. 30 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. எங்கள் தொழிலில் முதல் பாடமும் இதுதான்: சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறை, அது முடியாதபோதுதான் ஆளுக்குக் காதை மூடும் இயர் மஃப் கொடு. அந்தப் பாடப்படி பார்த்தால் தம்பி பக்கம்தான் நியாயம். இந்தக் கருவி பிறந்த கதையும் அவனுக்குத் துணை. மெஷின் கன்னைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிம், சுட்டுச் சுட்டே பிற்காலத்தில் காது கேளாதவர் ஆனார். 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குப் பேட்டன்ட் வாங்கியது அவருடைய மகன் ஹிராம் பெர்சி மாக்சிம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

அப்பா ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் உலைச் சூட்டில் நின்றவர். அந்த வியர்வையில் மஃப் காதில் நிற்காது, போட்டால் பின்னால் கிரேன் வருவதும் கேட்காது. அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. அந்த மாதிரி ஆளுக்குத்தான் மெஷினிலேயே சத்தத்தைக் குறை என்று நாங்கள் மல்லுக்கட்டுகிறோம். சனிக்கிழமை துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய் ஒரு மணி நேரம் சுடுகிறவர் நிலைமை வேறு. உள்ளே பிளக், அதன் மேல் மஃப் என்று இரண்டையும் ஒழுங்காகப் போட்டால் அவர் காது பத்திரமாக இருக்கும். காது வலித்தால் நிறுத்திவிட்டு வீட்டுக்கும் போகலாம். தொழிலாளிக்காகப் பிறந்த நியாயத்தை எடுத்து, தனக்குப் பிடித்த பொருளை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வதற்குப் பயன்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது விஷயம் பக்கத்து வீட்டுக்காரர். நேற்று தம்பி கேட்டான், "பைக்குக்கு சைலன்சர் இல்லன்னா ஃபைன் போடுறீங்க, துப்பாக்கிக்கு இருந்தா ஜெயிலா?" என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற பையன்களால் தூக்கம் கெட்டவன்தான் நானும். ஆனால் பைக் சத்தம் தெருவுக்கு வெறும் தொல்லை. துப்பாக்கிச் சத்தம் தெருவுக்குச் சேதி. ஓடு, கதவைச் சாத்து, பிள்ளையை உள்ளே இழு, நூறுக்கு அடி என்று அது சொல்கிறது.

வட சென்னை என்றாலே ரவுடி, கத்தி என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எங்கள் தெருக்களை வந்து பார்க்காமலேயே எழுதுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையின் சந்துகளில் ஒரு வீட்டின் படிக்கட்டில் நின்றால் எதிர்வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்கும். ராத்திரி எங்காவது 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், இரண்டு நிமிஷத்தில் தெரு முழுக்க வாசலில் நிற்கும். சிலிண்டரா, டிரான்ஸ்ஃபார்மரா, யாராவது விழுந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போய்ப் படுப்பார்கள். இவ்வளவு நெருக்கமான இடத்தில் போலீஸ் வந்து சேரும்வரை எங்களுக்குப் பாதுகாப்பு அந்தக் காதுகள்தான்.

"சினிமால காட்டுற மாதிரி சத்தமே வராமப் போகாதுண்ணே, சைலன்சர் போட்டாலும் 130 டெசிபல் இருக்கும்" என்கிறான் தம்பி. சரிதான். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தையும் சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த 130 சுடுபவரின் காதருகே அளந்த கணக்கு. நான்கு சுவர் தாண்டி, டிவியும் ஃபேனும் ஓடும் அடுத்த வீட்டில் என்ன கேட்கும் என்பதுதான் என் கேள்வி. அங்கே அது துப்பாக்கி என்று புரிகிற மாதிரி கேட்காமலே போய்விடலாம். ஏதோ கதவு அடித்துக்கொண்டது என்று விட்டுவிடுவோம். 2019-ல் வர்ஜீனியா பீச் அரசு அலுவலகத்தில் 12 பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் மாட்டியிருந்தான். உள்ளே இருந்த சிலருக்கு முதலில் அது துப்பாக்கிச் சத்தமாகவே படவில்லை. சைலன்சர் இல்லாவிட்டால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் கணக்குப் போடமாட்டேன். அந்த முதல் சில விநாடிகள் யாருக்குச் சொந்தம் என்றுதான் கேட்கிறேன்.

பின்லாந்து, நார்வேயில் வேட்டைக்காரர்கள் சர்வசாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. அங்கே சுடுவது காட்டில், ஊரை விட்டு வெகுதூரத்தில். நம் நாட்டில் வேட்டையே சட்டவிரோதம். காட்டில் சத்தமில்லாமல் சுட ஒரு வழி கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுவது மான் திருடுகிறவன்தான். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதை 2019 திருத்தத்தில் இரண்டு வருஷம் வரை சிறை என்று தனிக் குற்றமாக்கினார்கள். அதையும் ஊருக்குக் காட்டிக்கொடுப்பது சத்தம்தான்.

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஆள் ஒருவர் இருக்கிறார். ரேஞ்சில் நாள் முழுக்க நிற்கும் பயிற்சியாளர். சுடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர் அங்கேயே இருப்பார். புதிதாக வந்த கான்ஸ்டபிள்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும், இரட்டைக் குழல் தூக்கும் பேங்க் செக்யூரிட்டிக்குப் பழக்கிவிடுபவரும் அவர்தான். ஆர்டர் கொடுக்க வேண்டும், பதில் கேட்க வேண்டும் என்று மஃப்பை அடிக்கடி தூக்கிவிட்டுக்கொள்வார். என் அப்பாவின் நிலைமை இவருக்குத்தான் பொருந்தும். விதியைத் திருத்துவதானால் இவருக்காகத் திருத்துங்கள். பதிவு பெற்ற ரேஞ்சின் பெயரில் மட்டும் சைலன்சர் இருக்கட்டும். எண் பொறித்து, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, இரட்டைப் பூட்டில் வையுங்கள். காலையில் எடுத்தது சாயங்காலம் திரும்ப வந்ததா என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மணலியில் குளோரின் சிலிண்டரை அப்படித்தான் கணக்கு வைக்கிறோம், அதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. சட்டம் மாற வருஷக்கணக்காகும். பயிற்சியாளர்களுக்கு வருஷம் ஒருமுறை, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோமெட்ரி டெஸ்ட் எடுக்க எந்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு சின்ன அறையும் ஹெட்ஃபோனும் இருபது நிமிஷமும் போதும். ரேஞ்ச் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை இந்த மாதமே ஆரம்பியுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நானே வந்து சொல்லித் தருகிறேன்.