21 நாள் கணக்கு தவறு

"21 நாள் விடாமல் செய்தால் எந்தக் கெட்ட பழக்கமும் போய்விடும், நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' எப்படியோ உதிர்ந்துபோய், 21 மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள், ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. அதுவும் புதிதாக ஒன்றைப் பழகுவதற்கு. பழையதை விடுவது இன்னும் கஷ்டம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், படுக்கையில் இரவு ஒரு மணி வரை போன் பார்ப்பதை நிறுத்த முயன்று, 22ஆம் நாளும் கை தலையணைக்கடியில் துழாவியதும், எனக்குத்தான் மனஉறுதி இல்லை என்று நினைத்து ஒரு வருஷம் முயற்சியே செய்யவில்லை. அப்புறம் சார்ஜரைச் சமையலறையில் மிக்சி பக்கத்து பிளக்கில் மாட்டினேன். அப்படியும் கை தேடுவது நிற்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.